சாம்பிள் ரூம் சுவிட்ச்

ஏலக்காயின் பச்சை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயப்படும். அதனால் எங்கள் சாம்பிள் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் அந்த ரூமின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப்பிடி எடுத்து, கறுப்புக் கவரில் போட்டு, டப்பாவில் அடைத்து, மூட்டை நம்பரை ஒட்டி வைப்பது என் வேலை. வாங்க வருகிறவர் தட்டில் கொட்டிப் பார்க்கும்போது காய் லேசாக வெளுத்திருந்தாலும் தட்டை விரலால் தள்ளிவிடுவார். தள்ளிய தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அந்தக் காயை நானே கெடுத்துவிட்டதுபோல் இருக்கும்.

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கியபோது, சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டியும் கூடவே வந்தது. அதை எங்கே வைப்பது என்று தேடினார்கள். குளுமையாக, தூசி இல்லாமல், பூட்டுப் போட்ட இடம் என் ரூம் ஒன்றுதான். டப்பாக்கள் அடுக்கிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குத் திரை கிடையாது, தட்டுவதற்கு எதுவும் கிடையாது. முன்பக்கம் மூன்று நீல விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் கை வைத்தால் சோறு வடித்த பானை போல வெதுவெதுவென்று இருக்கும். எனக்கு அன்றே மனசு சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் எனக்குக் காது சூடாகிவிடும்.

அதனால் என்னால் முடிந்ததை நானே செய்துகொண்டேன். ராத்திரிக் குளுமையில் பயமில்லை, உச்சி வெயில் நேரம்தான் பயம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு ரூமைப் பூட்டுவேன். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து போடுவேன். அது தானாகவே எழுந்துகொள்ளும். அதன் முன்னால் யாரும் உட்காருவதில்லை. ஆள் இல்லாத ரூமில் ஃபேன் ஓடினால் அணைப்போம் அல்லவா, அப்படித்தான் நினைத்தேன்.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் முதலாளிக்கு ஒரு ஸ்டோர் இருக்கிறது. மலையில் ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். சின்னத் தோட்டக்காரர்கள் பறித்த காயைச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார்கள். அவரவர் காய் தனித்தனித் தட்டில் ஏறி, சூட்டில் கிடந்து, மறுநாள் மத்தியானம் இறங்கும். எந்தத் தட்டு யாருடையது, பச்சையில் என்ன எடை, காய்ந்த பிறகு என்ன எடை, எந்த மூட்டையில் கட்டியது என்பதையெல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் எழுத ஒரு பிள்ளை இருந்தாள். போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி, பி.காம். படித்தவள். காலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏறிப் போவாள், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவாள்.

அவள் எழுதுவது மலையில். அந்த எழுத்து வந்து சேருவது என் ரூமில் இருந்த பெட்டியில். இதற்கான புரோகிராமைச் செய்து கொடுத்தவர் முதலாளியின் அக்கா மகன். தேவாரம் ஊர்க்காரர், இன்ஜினியர். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே இதே மாதிரிப் புரோகிராம்களைப் பழுது பார்ப்பது அவருடைய வேலை. நான் அவரைத் தம்பி என்று கூப்பிடுவேன். முதல் நாள் வயரை மாட்டிக்கொண்டே எனக்கு விளக்கினார்.

"மேல இருக்கிற மிஷினு, கீழ இருக்கிற ஃபைலைத் தன் வீட்டுலயே இருக்கிறதா நினைச்சுக்கும்ணே. அப்படி நினைக்க வைக்கிறதுதான் என் சோலி."

"பொய் சொல்றதா தம்பி?"

"நல்ல பொய்ண்ணே. யாருக்கும் கெடுதல் இல்ல" என்று சிரித்தார்.

முதல் சில மாதங்கள் அந்தப் புரோகிராம் அடிக்கடி செத்துப்போகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொள்ளும். மலையில் காற்றடித்தாலும் மழை மூட்டினாலும் லைன் அறுந்து அறுந்து வரும், அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை எனக்குப் போன் செய்வாள். பெரும்பாலும் நான் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும் நேரமாக இருக்கும்.

"அண்ணே, திரும்பவும் செத்துருச்சு. பெட்டியில லைட்டு எரியுதான்னு கொஞ்சம் பாருங்களேன்."

"இரு ஆத்தா, கை கழுவிட்டுப் போறேன்."

போவேன், சுவிட்சைப் போடுவேன், நீல விளக்கு வந்ததும் கூப்பிட்டு, "எரியுது ஆத்தா" என்பேன்.

"வந்துருச்சுண்ணே! எப்படித்தான் பண்றீங்களோ. நீங்க கை வச்சாலே சரியாயிருது. கைராசிக்காரருண்ணே நீங்க."

இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வெளியே என்னிடம் தயக்கமில்லாமல் பேசிய பெண் அவள் ஒருத்திதான். போனில் என்றால் என்னாலும் பேச முடிந்தது. சுவிட்சுக்கும் புரோகிராம் சாவதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று அப்போது தோன்றியதா என்று பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ஓரத்தில் தோன்றியிருக்கிறது. கைராசிக்காரன் என்ற பெயர் இனிப்பாக இருந்ததால் அந்த ஓரத்துக்கு நான் போகவில்லை.

தம்பி சில வாரம் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினார். லைன் போனால் இனி அது சாகாது. எழுதியதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காத்திருந்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். சாவது நின்றது. போனும் குறைந்தது. நான் வழக்கம்போல ஒரு மணிக்கு அணைத்தேன், வந்து போட்டேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. முன்பெல்லாம் புரோகிராம் செத்தால், மறுபடி திறக்கும்போது அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்ப்பாள், விட்டுப்போனதை மறுபடி எழுதுவாள். இப்போது அது சாகவில்லை. எழுதி முடித்ததும் பச்சை டிக் விழும், அவள் அடுத்த தட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் ஃபைலுக்குள் எழுத்து மாறிக் கிடந்தது. ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் எடை. நேற்றைய மூட்டை நம்பர் இன்றைய வரிசையில். தினமும் அல்ல. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் ஒன்றுமே இருக்காது.

மேனேஜர் அவளைத்தான் திட்டினார். "செல்போனப் பாத்துக்கிட்டே டைப் அடிச்சா இப்படித்தான்."

"இல்ல சார். நான் சரியாத்தான் போட்டேன். பச்சை டிக் வந்துச்சு சார்."

"டிக்கு வந்தா எழுத்து எங்க போகும்? எறும்பு தின்னுருச்சா?"

முதலாளி தம்பியை வரச் சொன்னார். அவர் என் ரூமிலேயே ஸ்டூல் போட்டு, பெட்டியோடு தன் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும்போது சுவிட்சை எப்படி அணைப்பது? அந்த மூன்று நாளும் நான் அணைக்கவில்லை. ஒரு எழுத்தும் மாறவில்லை.

"நான் இருந்தா பேய் வரமாட்டேங்குதுண்ணே" என்றார். "எம்மேல அதுக்கு அம்புட்டுப் பயம்."

மூன்றாம் நாள் சாயங்காலம் மேனேஜரும் இரண்டு மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். தம்பி லேப்டாப்பைப் பார்த்தபடியே கேட்டார். "இந்தப் பெட்டி அடிக்கடி அணைஞ்சு எந்திரிச்சிருக்கு. யாராச்சும் சுவிட்சத் தொடுறீங்களா?"

மேனேஜர் உடனே, "யாரும் தொடமாட்டாங்க தம்பி. பூட்டின ரூமு. கரண்டு போய் வந்திருக்கும். நம்ம ஊருல அது போகாத நாளுண்டா?" என்றார்.

நான் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். மேனேஜர் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச வேண்டும். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். காது சூடானது. சீட்டை ஒட்டினேன். தம்பி, "கரண்டாத்தான் இருக்கும்" என்று லேப்டாப்பை மூடினார்.

இதுதான் அந்த மீதிப் பாதி. காய் வெளுத்துவிடும் என்ற பயத்தில் சுவிட்சை அணைத்தது அறியாமை. அன்று சாயங்காலம் வாய் திறக்காதது அறியாமை இல்லை.

அடுத்த நாள் அவர் இல்லை. நான் அணைத்தேன். பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சுவிட்சில் கை வைத்தபோது கொஞ்சம் நின்றேன் என்பதும் நினைவிருக்கிறது. அன்றுதான் பெரிய தவறு நடந்தது. கேரள எல்லைக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த மலையாளி ஒருவருடைய நல்ல பச்சைக் காய் வேறொருவர் பெயரிலும், அந்த வேறொருவருடைய வெளுத்த காய் இவர் பெயரிலும் ஏறிவிட்டன. மூட்டை பிரித்தபோது அவர் ஸ்டோரிலேயே, காய் கொடுக்க வந்து நின்றவர்கள் எல்லோர் முன்னாலும் கத்தினாராம். "இது என் காயில்ல. இதிலே ஏதோ கள்ளத்தரம் உண்டு. இவ மாத்திட்டா. கள்ளி!"

சாயங்காலம் ஜீப்பிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். இரைச்சலில் பாதிதான் கேட்டது. "அண்ணே, எல்லாரும் என்னையவே சொல்றாங்கண்ணே. நீங்க ஒருத்தராச்சும் மேனேஜர்கிட்டச் சொல்லுங்க. நான் எப்படி வேலை பாப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"பாப்போம் ஆத்தா" என்றேன்.

மறுநாள் காலையில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் நான் சுவிட்சை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அணைக்கவில்லை. அவள் இடத்துக்கு ஒரு ஆள் வந்தார். எழுத்து மாறவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒன்றுமே மாறவில்லை. மேனேஜர் ஊரெல்லாம் சொன்னார். "பாத்தீங்களா? ஆளு போனா, கோளாறும் போச்சு." அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. பேசாமல் இருந்தது ஒரு தவறு. பேசாமல் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டது, அவள்மேல் சொன்ன பழிக்கு நானே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிட்டது. பெட்டி இரவும் பகலும் ஓடியது. சாம்பிள் காய் எதுவும் வெளுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

சில மாதம் கழித்துத் தம்பி தானாகவே வந்தார். அந்தக் கோளாறு அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஜீப்புல லோடு ஏத்துறப்போ டிரைவர் எப்பண்ணே சீட்டுல கையெழுத்துப் போடுவாரு?"

"மூட்டைய உள்ள வச்ச பிறகு."

"இந்தப் பெட்டி அப்படி இல்ல. வெரசா முடியணும்னு, மூட்டையக் கையில வாங்கினதுமே கையெழுத்துப் போட்டுருது. அதுக்கப்புறம் நிதானமா உள்ள அடுக்குது. மேல இருக்கிற என் புரோகிராம் இருக்கே, அது ஒரு மக்கு. கையெழுத்தப் பாத்ததும் தங்கிட்ட இருந்த நகலைத் தூக்கிப் போட்டுருது. சரியா அந்த நேரத்துல வண்டி கவுந்துட்டா?"

"மூட்டை ரெண்டு பக்கமும் இருக்காது."

"அம்புட்டுத்தான்! தொலைஞ்ச வரியோட இடத்துல அடுத்த வரி ஏறிக்கும், அதான் ஒருத்தர் பேருல இன்னொருத்தர் எடை. அதுவரைக்கும் கண்டுபிடிச்சிட்டேன். ஆனா வண்டி ஏன் கவுந்துச்சுன்னுதான் பிடிபடல. கரண்டு போகுதுன்னா எல்லா நேரமும்தான போகும்? இது ஒரு மணிக்கு மட்டும் போயிருக்கு."

ரூமில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அதனால்தான் முடிந்தது. "நான்தான் தம்பி" என்றேன்.

"என்ன நீங்க?"

"சுவிட்ச அணைச்சது. சாப்பிடப் போறப்போ. சூட்டுல காய் வெளுத்துரும்னு."

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அன்னைக்கு நான் கேட்டேன்ல?"

"ஆமா."

"நீங்க இங்கதான நின்னீங்க?"

"ஆமா."

லேப்டாப்பைப் பெட்டியோடு மாட்டினார். பிறகு மலையில் இருந்த புது ஆளைப் போனில் கூப்பிட்டு, பொய்யாக ஒரு வரி எழுதச் சொன்னார். என்னைச் சுவிட்சில் கை வைக்கச் சொன்னார். "இப்ப" என்றதும் அணைத்தேன். போனில் அந்த ஆள் சொன்னார்: "பச்சை டிக் வந்துருச்சு சார்." சுவிட்சைப் போட்டு, பெட்டி எழுந்ததும் தம்பி ஃபைலைத் திறந்தார். அந்த வரி அதில் இல்லை.

அதன் பிறகு இரண்டு நாளில் புரோகிராமைத் திருத்திவிட்டார். மூட்டையை உள்ளே அடுக்கிவிட்டேன் என்று பெட்டி சொல்லும்வரை மேலே இருப்பது நகலை விடாது. நடுவில் பெட்டி விழுந்து எழுந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பும். அந்த இரண்டு நாளும் அவர் சொல்லச் சொல்ல நான் சுவிட்சை அணைத்தும் போட்டும் கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் தொலையவில்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தம்பி சொன்னார். சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்ப நல்லா ஓடுதுல்ல? பழசக் கிளறாத."

"அந்தப் பிள்ளை மேல தப்பில்லங்க..."

"அது இடத்துக்கு ஆள் வந்தாச்சு. போய்ச் சோலியப் பாரு."

அவள் அப்போது போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். நான் போனபோது நாலைந்து பேர் காத்திருந்தார்கள். "வாங்கண்ணே" என்றாள், மிஷினை நிறுத்தவில்லை. ஆட்கள் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறையவே இல்லை. கடைசியில் அந்த இரைச்சலிலேயே சொன்னேன். சுவிட்சைச் சொன்னேன். தம்பி கேட்டதையும் நான் நின்றதையும் சொன்னேன்.

அவள் கை ஒரு பேப்பரை வைத்து எடுத்துக்கொண்டே இருந்தது. "உங்களைப் போய் கைராசிக்காரருன்னேன் பாருங்க" என்றாள். பிறகு, "எங்க வீட்டுலயே என்னைச் சந்தேகமாக் கேட்டாங்கண்ணே, தெரியுமா?" என்றாள்.

"முதலாளிகிட்டச் சொல்லிட்டேன் ஆத்தா. திரும்ப வேலைக்கு எடுக்கத்தான்..."

"வேலை வேணாம். அந்தத் தோட்டக்காரரு என்னையக் கள்ளின்னு சொன்னது ஸ்டோர் வாசல்ல. அத்தனை பேரும் கேட்டாங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

ஒரு சாயங்காலம் ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டோர் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் காய்ச் சாக்கோடு எடைக்கு நின்றார்கள். அந்தத் தோட்டக்காரரும் இருந்தார். நான் சொன்னேன். குரல் சரியாக எழவில்லை, "என்ன, சத்தமாச் சொல்லும்" என்றார்கள். மறுபடி சொன்னேன்.

"கீழ போடியில சுவிட்ச அணைச்சா, மேல இருக்கிற காய் எப்படிய்யா மாறும்?" என்றார் ஒருவர்.

"காய் மாறலங்க. எழுத்துத்தான் மாறிச்சு."

"எழுத்த எழுதினது அந்தப் பொண்ணுதான?"

தம்பி சொன்ன ஜீப்புக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னபோது எவ்வளவு தெளிவாக இருந்தது! என் வாயில் அது குழம்பிப்போனது. யார் கையெழுத்து, எந்த வண்டி என்று கேட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "மாப்ளே, அந்தப் புள்ளைக்கு வக்காலத்து வாங்க இவரு எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தாரு?" என்றான். சிரித்தார்கள். அவள் பெயருக்கு நல்லது செய்யப் போய், இல்லாத இன்னொரு பேச்சை அங்கே விட்டுவிட்டு வந்தேனோ என்று இப்போதும் கவலையாக இருக்கிறது.

தோட்டக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "சரி, நீ சொல்றது நிஜம்னே வை. அப்போ அன்னிக்கு என் காய் எது? எத்தனை மூட்டை?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. அன்று எழுதிய எழுத்து எங்கேயும் இல்லை. புரோகிராமைத் திருத்தியது இனி எழுதுகிற எழுத்துக்குத்தான். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் சாக்குப் பக்கம் போனார்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் ஒரே ஒரு பெரியவர்தான் ஆதார் அட்டையோடு நின்றார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் ஆத்தா."

"நம்பினாங்களா?"

"நம்பல."

அவள் அட்டையை வாங்கி மிஷினில் வைத்து மூடியை அழுத்தினாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்கண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"ஆமா ஆத்தா."

பெரியவரைப் பார்த்து, "முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டாள். நான் ரோட்டுக்கு வந்தேன்.